தருவேன் என்ற சொல்

ஹிஜ்ரி 1438-ஆம் ஆண்டின் ரமலான், ஆங்கில ஆண்டு 2017-இல் மே மாதக் கடைசியில் பிறந்தது. இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் கணக்கெழுதும் பணியிலிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், அந்த நோன்பின் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்தபின் ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், தேர்தலில் நிற்கிறவர்கள் 'இதைச் செய்வோம், இவ்வளவு தருவோம்' என்கிறார்களே, அது ஷரீஅத்தின் பார்வையில் வாக்குறுதிதானா? வென்றபின் அதை மீறினால் முனாபிக்கின் அடையாளம் அவர்கள்மீது விழுமா?"

நோன்புக் களைப்பு எனக்கு. "அரசியல்வாதியின் பேச்சை வாக்குறுதி என்று யாரப்பா எடுத்துக்கொள்கிறார்கள்? நீ உன் நோன்பைப் பேணிக்கொள்" என்றேன். "சரி, ஹஜ்ரத்" என்று அவரும் வைத்துவிட்டார்.

அன்று தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் வழியில்தான், நான் சொன்னது விடையே அல்ல என்பது உறைத்தது. எவரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாத சொல்லென்றால், அதைச் சொல்வதற்கு ஏன் இத்தனை மேடைகள்? கேட்பதற்கு ஏன் இத்தனை கூட்டம்? நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே அச்சொல்லுக்காக ஓட்டளித்துவிட்டு வருகிறோமே, நம்முடைய நிலைதான் என்ன? இந்தக் கேள்விகளோடு அந்நாட்டுத் தேர்தலை அதன் முடிவு வரையிலும், அதன்பின் அது விட்டுச்சென்ற ஒரு விவகாரத்தைப் பல ஆண்டுகளும் ஏடுகளின் வழியாகத் தொடர்ந்து வந்தேன். மாணவருக்கு நான் அன்று தரவேண்டியிருந்த விடையை இப்போதாவது எழுதிப் பார்க்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 2017 ஏப்ரல் 18 அன்று பிரதமர் தெரசா மே, எவரும் எதிர்பாராத வேளையில் பொதுத்தேர்தலை அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கான பேச்சுவார்த்தையில் தமக்கு வலுவான பெரும்பான்மை துணைநிற்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். கருத்துக்கணிப்புகளில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி, ஜெரமி கார்பின் தலைமையிலிருந்த தொழிற்கட்சியைவிட ஏறக்குறைய 20 புள்ளிகள் முன்னே நின்றது. ஏழு வாரங்கள் கழித்து ஜூன் 8 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது, 650 இடங்களில் 317-ஐ மட்டுமே பெற்று, கையிலிருந்த பெரும்பான்மையையும் இழந்தார். அந்த ஏழு வாரங்களில் நடந்த தடுமாற்றங்களை நாளேடுகள் நாள்தோறும் எண்ணிக் கொண்டிருந்தன.

அவற்றுள் பெரிதும் நகைக்கப்பட்டது ஒரு பெண்மணியின் தடுமாற்றம். தொழிற்கட்சியில் உள்துறைக்குப் பொறுப்பாளராக இருந்த டயான் அபட், மே 2 அன்று ஒரு வானொலிப் பேட்டியில், புதிதாக 10,000 காவலர்களைச் சேர்ப்போம் என்றார். செலவு எவ்வளவு என்று கேட்டார் பேட்டியாளர். மூன்று லட்சம் பவுண்டு என்று வந்தது பதில். ஒரு காவலருக்கு முப்பது பவுண்டா என்று மறுகேள்வி வரவே, எட்டுக் கோடி என்று தாவினார். எண்கள் மேலும் குழம்பின. உண்மையில் அவர் கட்சி போட்டு வைத்திருந்த கணக்கு, திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி பவுண்டு என்பது. அந்த எண் அவர் நாவுக்கு வரவில்லை, அவ்வளவே. தமக்கு நீரிழிவு நோய் இருப்பதையும், அந்நாட்களில் அது கட்டுக்கடங்காமல் போயிருந்ததையும் பின்னர் அவரே வெளிப்படுத்தினார். தேர்தலுக்கு முந்தைய நாள் உடல்நலம் கருதிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கவும் நேர்ந்தது. மே 30 அன்று கார்பினுக்கும் இதே கதி. குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தை அறிவித்த அன்றைக்கே அதற்கு என்ன செலவாகும் என்று வானொலியில் கேட்கப்பட்டு, தாள்களைப் புரட்டிக் கொண்டிருந்தார். 530 கோடி பவுண்டு என்பது அவருடைய கட்சியின் கணக்கேட்டில் எழுதியிருந்தது, நினைவில் இல்லை.

இவ்விரண்டையும் படித்துவிட்டு நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஷரீஅத்தில் மறதிக்கு என்ன இடம் இருக்கிறது என்பதை மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறவன் நான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டோடு ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். துல்யதைன் என்ற தோழர் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டதா அல்லது தாங்கள் மறந்தீர்களா என்று பணிவுடன் வினவினார். மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, விடுபட்டதைத் தொழுது, மறதிக்குரிய இரண்டு ஸஜ்தாக்களையும் செய்து நிறைவாக்கினார்கள் பெருமானார் (ஸல்). அந்தப் பள்ளியில் யாரும் நகைக்கவில்லை. மறதிக்கு நம் மார்க்கத்தில் பரிகாரம் இரண்டு ஸஜ்தா.

மறக்கும் எண் ஒன்று இருக்க வேண்டுமானால், முதலில் எண் என்று ஒன்று இருக்க வேண்டும். தொழிற்கட்சி, தன் தேர்தல் அறிக்கையோடு தனியாக ஒரு கணக்கேட்டையும் வெளியிட்டிருந்தது. 4,860 கோடி பவுண்டு புதுச்செலவு. அதே அளவுக்குப் புது வரிகள். ஆண்டுக்கு 80,000 பவுண்டுக்கு மேல் வருவாய் உள்ளவர்க்கு வரியுயர்வு, நிறுவனங்களின் இலாபவரியை 26 சதவீதமாக்குதல் என்று வரவும் செலவும் எதிரெதிரே எழுதப்பட்டிருந்தன. அந்தக் கணக்கு முழுவதும் சரியென்று நான் சான்றளிக்கவில்லை. இரயில், குடிநீர் நிறுவனங்களை அரசுடைமையாக்கும் செலவு அதில் சேரவில்லை. எதிர்பார்த்த வரி முழுதும் வந்து சேராது என்று பொருளியல் ஆய்வாளர்கள் கூறினார்கள். ஆயினும் கேள்வி கேட்பதற்கு ஒரு தாள் இருந்தது. ஆளுங்கட்சியின் அறிக்கையிலோ அப்படியொரு கணக்கேடே கிடையாது. அதனால் அக்கட்சியின் அமைச்சர்களிடம் அவ்விதம் தாளைக் காட்டிக் கேட்க வழியில்லை. எண் இல்லாதவர் எண்ணை எப்படி மறப்பார்? அந்நாட்டில் வரவு செலவு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நிதி ஆய்வு நிறுவனம், இரு பெரிய கட்சிகளும் வாக்காளர்முன் நேர்மையான தெரிவுகளை வைக்கவில்லை என்றே அப்போது தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எத்தனை பேர் படித்தார்களோ! மூன்று லட்சம் பவுண்டு என்ற நாப்பிசகு மட்டும் நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது என் மாணவரின் தொழிலோடு தொடர்புடைய விவகாரத்துக்கு வருகிறேன். அவர் கேள்வி பிறந்த இடமும் அதுவே.

இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சை அனைவர்க்கும் இலவசம். ஆனால் முதுமையால் தளர்ந்தவரைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், இரவில் உடனிருக்கவும் ஆகும் செலவு அப்படியல்ல. 23,250 பவுண்டுக்கு மேல் உடைமை உள்ளவர் தம் பராமரிப்புக்குத் தாமே முழுச் செலவையும் ஏற்க வேண்டும். முதியோர் இல்லத்தில் சேர்ந்தால், பெரும்பாலும் அவருடைய வீட்டின் மதிப்பும் அந்த உடைமைக் கணக்கில் சேரும். வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெற்றால் சேராது. மூளைத்தேய்வு நோயால் பல ஆண்டுகள் படுத்துக் கிடப்பவரின் வீடு முழுவதும் கரைந்து போகும். மாரடைப்பில் ஒரே நாளில் இறப்பவரின் வீடு பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். இதிலுள்ள அநீதியை எல்லாக் கட்சிகளும் அறிந்திருந்தன.

தெரசா மே, மே 18 அன்று ஹாலிஃபாக்ஸ் நகரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு திட்டத்தைச் சொன்னார். இனி எவ்வகைப் பராமரிப்பானாலும் வீட்டின் மதிப்பும் கணக்கில் சேரும். ஆனால் ஒரு லட்சம் பவுண்டு வரை எவரிடமிருந்தும் எடுக்கப்படாது. எஞ்சியதையும் அவர் உயிரோடிருக்கும்வரை கேட்கமாட்டோம், இறந்தபின் வீட்டை விற்று எடுத்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். முதியோர் இல்லத்தில் இருப்பவர் சிலருக்கு இது பழைய விதியைவிட நன்மை; வீட்டிலிருந்து பராமரிப்புப் பெறுவோர் பலருக்குச் சுமை. திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு அது ஒரு விடை சொன்னது. அந்த விடை பலருக்குக் கசந்தது. எதிர்த்தரப்பார் அதற்கு 'மறதிநோய் வரி' என்று பெயர் சூட்டினார்கள். நான்கே நாட்களில், மே 22 அன்று, செலவுக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கும் என்று பிரதமர் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படி மாற்றியவர், செய்தியாளர்கள் வினவியபோது, எதுவும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை என்று கையை விரித்துச் சொன்னார். அந்தத் தேர்தலின் தடுமாற்றங்களுள் உண்மையில் கனமானது இதுவே என்று நினைக்கிறேன். எண்ணை மறந்தவருக்கு ஸஜ்தா ஸஹ்வு போதும். மாற்றியதை மாற்றவில்லை என்றவருக்கு அது போதாது.

ஆனால் அவருக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஏழு வாரங்களில் வாக்காளரைப் பார்த்து, 'இதற்குரிய விலையில் ஒரு பங்கை நீங்கள் தரவேண்டியிருக்கும்' என்று, ஒரேயொரு பொருளிலேனும் அவர் சொன்னார். அதற்கே பெரிய தண்டனையும் பெற்றார். அவருக்கு முன்னும் பின்னும் இதே பொருளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். 1999-இலேயே ஓர் அரச ஆணைக்குழு இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஸ்காட்லாந்து 2002-இல் தனிவழி கண்டது; இங்கிலாந்து காணவில்லை. 2010 தேர்தலுக்குச் சற்றுமுன் தொழிற்கட்சி அரசு, இறந்தோரின் சொத்திலிருந்து ஒரு பங்கு எடுக்கும் யோசனையை ஆராய்ந்தபோது, கன்சர்வேட்டிவ் கட்சி அதைச் 'சாவு வரி' என்று சுவரொட்டி அடித்தது. ஏழாண்டுகள் கழித்து, அதே கல்லை அதே கட்சியின்மீது மற்றவர்கள் திருப்பி எறிந்தார்கள். 2011-இல் இன்னொரு குழு உச்சவரம்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. 2014-இல் சட்டமும் வந்தது. 2015 மே மாதத் தேர்தலில் அந்த வரம்பைக் கொண்டுவருவோம் என்று அறிக்கையில் எழுதி வென்ற கட்சி, அவ்வாண்டு ஜூலையிலேயே அதைத் தள்ளிப் போட்டது. 2019 ஜூலையில் பிரதமரான போரிஸ் ஜான்சன், பதவியேற்ற முதல் நாளே வாசற்படியில் நின்று இதை ஒரேயடியாகத் தீர்ப்பேன் என்றார். 2021 செப்டம்பரில் 86,000 பவுண்டு வரம்பு அறிவிக்கப்பட்டது, அதற்கென 1.25 சதவீத வரியும் விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் வரி நீங்கியது. வரம்பும் 2025-க்குத் தள்ளிப்போயிற்று. 2024 ஜூலையில், ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு அதை அடியோடு கைவிட்டது. 2010-இல் வைத்த 23,250 பவுண்டு என்ற எல்லை மட்டும், விலைவாசி எவ்வளவோ ஏறியபின்னும், 2025-இலும் அப்படியே நின்றது.

இதைப் படித்து நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்று திருமறை கட்டளையிடுவதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். நம் ஊர்களிலும் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வாப்பாவையும் உம்மாவையும் கூலிக்கு அமர்த்திய பெண்கள் பார்த்துக்கொள்ளும் வீடுகள் பெருகிவிட்டன. அதை வேறொரு சமயம் எழுதுவோம்.

மாணவரின் மஸ்அலாவுக்குத் திரும்புகிறேன். பிக்ஹின் பார்வையில் உடன்படிக்கை வேறு, வாக்களித்தல் வேறு. இருவர் கூடிச் செய்யும் அக்து இருவரையும் பிணைக்கும். ஒருவர் மட்டும் 'தருவேன்' என்று சொல்லும் வஃது எந்த அளவுக்குப் பிணைக்கும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் நவவீ (ரஹ்) தம் 'அல்-அத்கார்' என்னும் கிதாபில் இதைச் சுருங்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மற்றும் பெரும்பாலோரின் கருத்துப்படி வாக்கை நிறைவேற்றுவது முஸ்தஹப்பு. விட்டவர் கடுமையான வெறுப்புக்குரிய செயலைச் செய்தவர், எனினும் குற்றவாளி ஆகமாட்டார். வேறு சிலர், கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் உட்பட, நிறைவேற்றுவது கடமையே என்றார்கள். மாலிக்கீ அறிஞர்களோ நடுவழி ஒன்றைக் காட்டினார்கள். 'நீ மணம் முடித்துக்கொள், உனக்கு இன்னது தருவேன்' என்பது போல், ஒரு காரியத்தில் ஒருவரை இறக்கிவிடும் வாக்காயின், அது கட்டாயமாகிவிடும் என்பது அவர்கள் கருத்து. 'உன் வீட்டை இடி. திரும்பக் கட்டப் பணம் நான் கடன் தருகிறேன்' என்ற உதாரணமும் அவர்களுடைய கிதாபுகளில் வருகிறது. சுவர் இடிந்தபின், 'அது வெறும் வாய்ச்சொல்' என்று ஒதுங்க முடியாது.

இந்தப் பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு காரியமும் செய்தேன்.

எங்கள் மஹல்லாவில் தந்தையை இழந்த ஒரு பெண்பிள்ளைக்கு வரன் வந்திருந்தது. தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டுகிறவர். ஒரு ஜும்ஆவுக்குப் பின் நடந்த கூட்டத்தில் அப்பேச்சு எழுந்தது. நான் எழுந்து, "உம்மாவைத் தைரியமாக நாள் குறிக்கச் சொல்லுங்கள், செலவை ஜமாஅத் பார்த்துக்கொள்ளும்" என்றேன். கூட்டத்தில் தக்பீர் முழங்கியது. எனக்கும் மனம் நிறைந்தது. ஜமாஅத்தின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் முத்தவல்லியிடம் கேட்கவில்லை; கேட்கவேண்டும் என்ற நினைவே வரவில்லை. இருந்த தொகை முழுவதும் மினாராவின் வேலைக்கு முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. என் சொல்லை நம்பி அந்தத் தாய் நாள் குறித்து, கைச்செலவுக்காக வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்துவிட்டார். நான் என் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தேன்; இன்னும் சிலர் கொடுத்தார்கள்; நிக்காஹ் நடந்தது. பத்திரத்தை மீட்க அந்தத் தாய்க்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் என்னைத் தெருவில் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "ஹஜ்ரத்துக்கு ஸலாம்" என்றுதான் சொல்வார். வேறு ஒன்றும் சொன்னதில்லை.

நான் பொய் சொன்னேனா? நிறைவேற வேண்டும் என்றே மனமார விரும்பினேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இஹ்யாவில் நாவின் ஆபத்துகளாக இருபதை எண்ணி, அவற்றுள் ஒன்றாகப் பொய் வாக்கை வைத்திருக்கிறார்கள். நிறைவேற்றும் உறுதியோடு வாக்களித்து, பிறகு தக்க காரணத்தால் இயலாமற் போனவர் நயவஞ்சகர் அல்லர் என்று அங்கே ஆறுதலும் கூறுகிறார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்காமல் எந்த வாக்கும் கொடுத்ததில்லை என்பதையும் அங்கே காணலாம். எனக்கு அந்த ஆறுதல் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொருந்தாது. எனக்கு இடையில் வந்த தடை ஏதும் இல்லை. நான் வாய்திறந்த அந்தக் கணத்திலேயே பெட்டி காலியாகத்தான் இருந்தது. பிறர் பணத்தை, அவர்களைக் கேளாமல், மூன்றாமவருக்கு வாக்களித்துவிட்டு, அதற்குரிய நற்பெயரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இதே வேறுபாட்டை அந்நாட்டு அரசியல்வாதி ஒருவரும் உணர்ந்திருந்தார். 2010 தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக், பல்கலைக்கழகக் கல்விக் கட்டண உயர்வு எதையும் எதிர்த்து வாக்களிப்பேன் என்று மாணவர்களுக்கு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். கூட்டணி அரசில் துணைப்பிரதமரானார். அவ்வாண்டு டிசம்பரிலேயே கட்டண வரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. அவரும் அதற்கே வாக்களித்தார். 2012 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் வருந்தியது கட்டணம் உயர்ந்ததற்காக அல்ல. நிறைவேற்ற முடியும் என்று உறுதியாகத் தெரியாத ஒன்றை வாக்களித்ததே தவறு என்றார். பலர் இதைத் தந்திரம் என்று எள்ளி நகையாடினார்கள். பாட்டாகவும் இசைத்துப் பரிகசித்தார்கள். 2015-இல் அவர் கட்சியின் இடங்கள் 57-லிருந்து எட்டாகக் குறைந்தன. மன்னிப்பைக் காலம் கடந்து கேட்டார் என்பது உண்மை. ஆனால் பாவம் எந்த நேரத்தில் நடந்தது என்பதை அவர் சரியாகவே சொன்னார் என்று, மேற்சொன்ன என் அனுபவத்தால், நான் கருதுகிறேன். மீறிய நாள் வெளியே தெரிகிற நாள். கொடுத்த நாளில்தான் அது விதைக்கப்பட்டது.

கேட்பவர் பங்கு ஒன்றும் இல்லையா? சிறுவரான அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்களை அவருடைய தாயார், "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். அப்போது அவ்வீட்டில் அமர்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எதைக் கொடுக்க எண்ணினீர் என்று அத்தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். சின்னஞ்சிறு குழந்தையிடம் சொன்ன சொல்லையும், 'இதை யார் வாக்குறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்' என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. நான் என் மாணவரிடம் தள்ளிவிட்டேன். மேலும், 'கொடுப்பீரா' என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்கு எவரும் 'ஆம்' என்றே சொல்லிவிடலாம். கையில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். ஜும்ஆக் கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எந்தப் பணத்திலிருந்து?" என்று கேட்டிருந்தால், நான் வெட்கியிருப்பேன், அந்தத் தாயின் பத்திரம் தப்பியிருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கள் பையையும் தொடவேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். தக்பீர் சொல்வது அதைவிட எளிது.

அந்தத் தேர்தலின் இறுதி வாரத்தில், ஜூன் 2 அன்று, தொலைக்காட்சி மேடையில் ஒரு செவிலியர், தம் ஊதியம் 2009-லிருந்து உயரவேயில்லை என்று பிரதமரிடம் முறையிட்டார். உலுக்கினால் எல்லாம் உதிர்க்கும் பணமரம் ஏதும் இல்லையே என்றார் பிரதமர். பணம் மரத்திலா காய்க்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். அதில் தவறில்லை. ஆனால் தேர்தலில் பெரும்பான்மை இழந்தபின், ஜூன் 26 அன்று, வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் பத்து உறுப்பினர்களுடைய ஆதரவுக்காக உடன்பாடு செய்தபோது, அப்பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாகக் கிடைத்தது. மரம் எங்கே நிற்கிறது என்று அப்போது பலருக்கும் தெரிந்துபோயிற்று என்று எதிர்க்கட்சியினர் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு விடை சொல்வது கடினம்.

பதவியை நாடிக் கேட்பவருக்கு அதைக் கொடுப்பதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியிருப்பதை எடுத்துக்காட்டி, தேர்தலில் நிற்பதே கூடாது என்போர் நம்மில் உண்டு. அவர்களுக்கு மறுமொழியாக விரிவுரையாளர்கள் யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துவைப்பார்கள். எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் ஒப்படைக்கும்படி அவர்களே மன்னனிடம் கேட்டார்கள். தாம் காப்பாற்றத் தெரிந்தவர், அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளையும் சொன்னார்கள். நான் பலமுறை ஓதிய வரலாறுதான். ஆனால் கேட்டது எப்போது என்பதை 2017-க்குப் பிறகே கவனித்தேன். பதவி கேட்பதற்கு முன்னரே, சிறையிலிருந்தபடியே, வரப்போகும் ஏழு வளமான ஆண்டுகளையும், அவற்றை விழுங்கப்போகும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் விளக்கிவிட்டார்கள். வளம் பெருகும் காலத்தில் உண்பதற்குச் சிறிது போக மற்றதைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சொல்லிவிட்டார்கள். மன்னனுக்கும் மக்களுக்கும் கசப்பான பகுதி முதலிலேயே தெரியும். அதற்குப் பிறகுதான் களஞ்சியத்தின் சாவியைக் கேட்டார்கள். அந்த மன்னனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சத்தைச் சொன்னவரை அவன் துரத்தவில்லை. தன் அருகில் அழைத்து அமர்த்தினான்.

மாணவருக்கு நான் இப்போது எழுதியனுப்பும் விடை இது. தேர்தலில் சொல்லும் சொல்லும் வஃதுதான். அதை நம்பி ஒரு முதியவர் தம் வீட்டை விற்காமல் காத்திருந்தாலோ, ஒரு மாணவர் கடன் வாங்கிப் படிக்கப் போனாலோ, மாலிக்கீ அறிஞர்களின் வழியில் பார்த்தால் சுவர் இடிந்துவிட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. ஆனால் தனிமனிதர் தம் பணத்தை வாக்களிப்பது பற்றி வந்த சட்டத்தை, பொதுப்பணத்தை வாக்களிப்பவர்மீது அப்படியே பொருத்தத் தயக்கம் உண்டு. அது அமானிதம், அவருடைய உடைமையன்று. அமானிதத்தில் கைவைத்து வாக்களிப்பதால் பொறுப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்பது என் கருத்து. முனாபிக்கின் அடையாளத்தை ஒருவர்மீது சுமத்த எனக்கு அதிகாரமில்லை. நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. வாக்களித்த நாளில் கணக்கை மறைத்தாரா என்பதை மட்டும் மனிதர்கள் கேட்கலாம், கேட்கவேண்டும்.

சென்ற முறை பேசியபோது அவர் சொன்னார்: 2025 ஜனவரியில் இதே பராமரிப்பு விவகாரத்துக்கு மேலும் ஓர் ஆணைக்குழுவை அரசு அறிவித்தது, அதன் இறுதி அறிக்கை 2028-க்குள் வரும் என்றார்கள். "எங்கள் இல்லத்தில் இருக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் அதுவரை இருப்பார்கள், ஹஜ்ரத்?" என்று கேட்டார். பிறகு, முதல் தேதியாகிவிட்டது, கட்டணச் சீட்டுகள் எழுதவேண்டும் என்று விடைபெற்றுக்கொண்டார்.